ஒரு சிட்டிகைப் பனி

நடுவர் வருகிறார் என்றதும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். பதினோராம் மேஜைக்காரியின் அப்பா மட்டும் நாற்காலியை விட்டு அசையவில்லை. ஸ்வெட்டர் பாக்கெட்டில் விட்ட வலது கையை வெளியே எடுக்கவும் இல்லை.

“வயசானா மரியாதை கூடவா மறந்து போகும்?” என்று பக்கத்து மேஜைக்காரர் முணுமுணுத்தார்.

ராணுவ மாதிரிப் பொம்மைகளுக்கான போட்டி அது. கட்டைவிரல் உயரச் சிப்பாய்கள், தீப்பெட்டி அளவு டாங்கிகள். நடுவர் ஓய்வுபெற்ற ராணுவக்காரர். ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடப்பார். கையில் எப்போதும் லென்ஸ் இருப்பதால் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. அவரிடம் முழு மார்க் வாங்கியவன் இன்னும் பிறக்கவில்லை.

“இது பனியா? சமையல் சோடா. ரெண்டே வருஷத்துல மஞ்சளாயிடும்” என்று பத்தாம் மேஜையை ஒரே வரியில் முடித்துவிட்டுப் பதினோராம் மேஜைக்கு வந்தார்.

குனிந்தவர் நிமிரவில்லை.

ஒரு மலைச்சரிவு. எட்டுச் சிப்பாய்கள். மற்றதெல்லாம் பனி. காற்றடித்த பக்கம் பாறையில் மேடேறிய பனி, பூட்ஸ் அமுங்கிய குழியோரம் உடைந்து கிடந்த பனி, துப்பாக்கி முனையில் மயிரிழையாய்த் தொங்கிய பனி. குழிகளுக்குள் மட்டும், இருக்கிறதா இல்லையா என்று சத்தியம் பண்ண முடியாத ஒரு நீலம்.

நடுவர் தன்னையறியாமல் சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டார். தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

“எப்படிம்மா?” குரலே இறங்கிவிட்டது.

“நான் பல் செட் செய்யறவ சார். வெள்ளையில எத்தனை வெள்ளைன்னு தெரிஞ்சாத்தான் எங்களுக்குச் சோறு. கண்ணாடித் தூளும் பசையும்தான். டீ வடிகட்டியில சலிச்சுத் தூவி, ஒவ்வொரு படலமும் காயற வரைக்கும் காத்திருந்து... பதினோரு மாசம் ஆச்சு.”

“நாப்பது வருஷமா பாக்கறேன். இப்படி ஒரு பனியை நான்...” லென்ஸை இன்னும் கிட்டே கொண்டுபோனார்.

கூட்டம் சேர்ந்துவிட்டது. முழு மார்க் வாங்குகிற ஆள் பிறந்தாயிற்று என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

நகர்ந்துகொண்டிருந்த லென்ஸ் சட்டென்று நின்றது.

“இவன் மேல ஏன் பனி இல்லை?”

காயம்பட்டுப் படுத்துக் கிடந்த ஒரு சிப்பாய். மற்ற ஏழு பேர் மேலும் பனி அப்பிக் கிடக்க, இவன் மட்டும் தலை முதல் கால் வரை சுத்தமாக இருந்தான்.

“அது அப்படித்தான் சார்.”

“என்ன அப்படித்தான்? பனி ஆள் பாத்தா விழும்? மறந்துட்டேன்னு சொல்லு.” அந்த அழகைக் கைவிட அவருக்கு மனசு வரவில்லை. “சரி, தூள் வச்சிருக்கியா? ஒரு சிட்டிகை தூவிடு. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன். முதல் பரிசு உனக்குத்தான். மியூசியத்துல வச்சு ஊரே பாக்கும்.”

மியூசியம் என்றதும் அவள் கை தானாகத் தூள் கிடந்த வடிகட்டியை எடுத்தது.

“வேண்டாம் பாப்பா” என்றார் அப்பா, உட்கார்ந்தபடியே.

நடுவருக்குச் சுருக்கென்றது.

“எனக்கே பனியைப் பத்திப் பாடமா? நிஜப் பனியில ஒரு பகல் பூரா நினைவு தப்பிக் கிடந்தவன்யா நான்! மூஞ்சி பூரா கட்டு. உடஞ்ச காலுக்கு மண்வெட்டிக் காம்பை வச்சுக் கட்டியிருந்தாங்க. யார் தயவுலயும் பிழைக்கலை. எல்லாம் உடம்புத் தெம்பு!”

அப்பா மெல்ல எழுந்து நின்றார்.

“சார்...” மகள் வடிகட்டியைக் கீழே வைக்காமலே கேட்டாள். “உங்களைத் தூக்கினப்ப உங்க மேல எவ்வளவு பனி இருந்துச்சு?”

“ஒரு பொட்டு இல்லை! தூக்க வந்தவங்களே அசந்துட்டாங்க. பனிக்கே என்னைக் கண்டா பயம்மா!”

“பனி ஆள் பாத்து விழாதுன்னு இப்பத்தானே சார் சொன்னீங்க?”

நடுவர் மறுபடி பொம்மைப் பக்கம் திரும்பினார்.

“அந்தச் சிப்பாயோட காலைப் பாருங்க.”

லென்ஸ் இறங்கியது. பொம்மையின் காலோடு சேர்த்து ஒரு மண்வெட்டிக் காம்பு கட்டியிருந்தது, ஊசியை விட மெல்லிசாக.

“பக்கத்துல உட்கார்ந்திருக்கறவரையும் பாருங்க.”

எட்டுப் பேரில் அதிகப் பனி அவன் மேல்தான். இடுப்பு வரை புதைந்திருந்தான். உறை இல்லாத அவன் வலது கை, படுத்திருந்தவனின் தோள் மேல் இருந்தது.

“பனி மூடினா மூச்சு நின்னுடும்னு, நாள் பூரா தள்ளித் தள்ளி விட்டாராம் சார். உறை கிழிஞ்ச பிறகு வெறுங்கையால. அப்புறம் ஆளுக்கொரு ஆஸ்பத்திரி. படுத்திருந்தவர் வேற படையாம், பேர் தெரியாது, முகமும் தெரியாது. பிழைச்சாரா பிழைச்சாரான்னு இன்னிக்கும் கேட்டுக்கிட்டே இருக்கார் எங்கப்பா. மியூசியத்துல வச்சா யாராவது பாத்துச் சொல்ல மாட்டாங்களான்னுதான் இதைச் செஞ்சேன்.”

நடுவர் மேஜையைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். அவள் கையிலிருந்த வடிகட்டி இடிபட்டுச் சாய்ந்து, அவர் தோளில் ஒரு சிட்டிகைத் தூள் கொட்டியது.

அப்பா பாக்கெட்டிலிருந்து வலது கையை எடுத்தார். அதில் கட்டைவிரல் மட்டும்தான் மிச்சமிருந்தது.

“பிழைச்சுட்டீங்க” என்றபடி, அந்தக் கையாலேயே நடுவரின் தோளில் கிடந்த பனியைத் தட்டிவிட்டார்.