வாசல் குடித்த இருபது குடம்

முன்பெல்லாம் ஊரைச் சுற்றியுள்ள பசுமை வளையத்தில் வீடே கட்டக் கூடாது. இப்போது கட்டலாம். ஒரே நிபந்தனை, மனையில் விழும் மழையை மனையே குடிக்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை அதிகாரிகள் வந்து வாசலில் இருபது குடம் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பார்கள். கேட்டைத் தாண்டித் தண்ணீர் ஓடினால் வீட்டைக் காலி செய்துவிட வேண்டியதுதான்.

இது தெரிந்தும், மகள் கல்யாணத்தின்போது கோலம் பளிச்சென்று தெரியட்டும் என்று வாசல் முழுக்க சிமெண்ட் பூசிவிட்டேன்.

இன்று சோதனைக்கு வந்த அதிகாரியம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். "என்ன சார், ரோடு மாதிரி போட்டு வெச்சிருக்கீங்க?"

"கோலத்துக்காகங்க மேடம்."

"வீடே போச்சுன்னா கோலத்த எங்க போய்ப் போடறது?" என்றாள் என் மனைவி அமுதவல்லி. "அன்னிக்கே சொன்னேன், கேட்டாரா இந்த மனுஷன்!"

அவருடன் வந்த ஆட்கள் இருபது குடத்தையும் ஊற்றினார்கள். தண்ணீர் நேராகக் கேட்டை நோக்கி ஓடியது. ஆனால் கேட்டுக்கு ஒரு முழம் முன்னால் அது சுழன்று, குமிழி விட்டு, அங்கிருந்த இரண்டு குழிகள் வழியாக மண்ணுக்குள் இறங்கியது. கல்யாணத்துக்கு வாழைமரம் கட்ட, பந்தல்காரர் சிமெண்ட்டை உடைத்துத் தோண்டிய குழிகள் அவை. புது வாசலைக் கெடுத்துவிட்டார் என்று அன்று அவரைக் கண்டபடி திட்டியிருந்தேன்.

அதிகாரியம்மா பத்து நிமிடம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "மிச்ச சிமெண்ட்டையும் பேத்துடுங்க சார்."

அமுதவல்லி அப்படியே படியில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டாள்.

"மொதல்ல அந்தப் பந்தல்காரருக்கு போன் போட்டு, ஒரு வார்த்தை நல்லபடியா பேசுங்க."