பின் இருக்கை

"நீ இழுக்கவே இல்ல சுஷ்மி! முன்னால உக்காந்திருக்கிற எனக்குத் தெரியாதா?"

காலாங் ஆற்றின் மிதவை மேடையில் கயாக் படகு வந்து முட்டியதுமே அனுப்ரியா திரும்பிப் பார்த்துக் கத்தினாள். பின் இருக்கையில் சுஷ்மிதா துடுப்பின் மேல் கவிழ்ந்து கிடந்தாள். மூச்சு வாங்கியதில் அவளால் பேச முடியவில்லை.

பதினேழு வயதான இருவரும் உயர்நிலைப் பள்ளியிலிருந்தே ஒரே படகில் ஓட்டுகிறவர்கள். தேசிய அணித் தேர்வுக்கு இன்னும் ஒரு வாரம்தான். ஆனால் சில மாதங்களாகவே படகின் வேகம் குறைந்துகொண்டே வந்தது.

"சாரி அனு" என்றாள் சுஷ்மிதா ஒருவழியாக.

"சாரி சொன்னா ஸ்பீடு வந்துருமா? விடியறதுக்கு முன்னாலயே எந்திரிச்சு ஜிம்முக்குப் போறேன். ஒரு பரோட்டா தொட்டது இல்ல. நீ என்னடான்னா பாதி தூரத்துலயே செத்துப்போற!"

பயிற்சியாளர் ரத்னவேல் பக்கத்தில் வந்தார். "அனு, உன் தோள் எப்படி இருக்கு? வலி எதுவும் இருக்கா?"

போன வருடம் விழுந்ததில் அவளுக்கு இடது தோள் மூட்டு விலகியிருந்தது.

"துளிகூட இல்ல கோச். டாக்டரே ஓகே சொல்லிட்டாரு. பிரச்சினை எனக்கில்ல. பின்னால ஆள மாத்துங்க. இல்லன்னா நான் தேர்வுக்கே வரல."

ரத்னவேல் சுஷ்மிதாவைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்ற?"

"அவ கேக்கறபடியே செய்ங்க கோச். நம்ம டீம்ல இருக்கிற ஆஸ்மா நல்லா இழுப்பா."

பெயர் கொடுக்க அன்றுதான் கடைசி நாள். சுஷ்மிதாவின் பெயரை எடுத்துவிட்டு ஆஸ்மாவின் பெயரை அனுப்பினார்கள். எப்போதும் இருவரும் சேர்ந்தே ஏறும் பஸ்ஸில் சுஷ்மிதா தனியாக ஏறி, தேக்காவில் இருக்கும் வீட்டுக்குப் போய்விட்டாள். அனுப்ரியா அவளைக் கூப்பிடவில்லை.

மறுநாள் பயிற்சி ஓட்டம். குழுவிலேயே பலசாலியான ஆஸ்மா பின்னால் உட்கார்ந்து முழு மூச்சாக இழுத்தாள். ஆனால் படகு இடது பக்கமாகவே விலகி விலகிப் போனது. அதை நேராக்க அனுப்ரியா படகைத் திருப்பும் சுக்கானைக் காலால் மிதித்துக்கொண்டே இருந்தாள். புதிதாகச் சேர்ந்த சின்னப் பெண்களின் படகுகூட அவர்களை முந்திப் போனது.

"இவளும் சரியில்ல கோச்!" கரையேறியதும் அனுப்ரியா அழுதேவிட்டாள்.

"ஏய், நான் என்ன பண்ணேன்? படகுதான் இழுத்துக்கிட்டுப் போகுதுலா!" என்றாள் ஆஸ்மா.

ரத்னவேல் இருவரையும் உடற்பயிற்சிக் கூடத்துக்கு அழைத்துப் போனார். துடுப்புப் போடும் பலத்தை ஒவ்வொரு கைக்கும் தனித்தனியாகக் காட்டும் எந்திரம் அங்கே இருந்தது. ஆஸ்மாவுக்கு இரண்டு கையும் சமமாக வந்தது. அனுப்ரியாவுக்கு வலது கையில் இருந்த பலத்தில் பாதிகூட இடது கையில் இல்லை.

"மெஷின் ரிப்பேரா இருக்கும் கோச்." பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் இழுத்தாள். மறுபடியும் அதே பாதி. "எனக்கு வலியே இல்லையே..."

"வலி போயிருச்சும்மா. பலம் திரும்பல."

அனுப்ரியா தன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது யாருடைய கையோ போல மடியில் கிடந்தது.

"சுஷ்மிய வரச் சொல்லுங்க கோச். ப்ளீஸ்."

"பேரு அனுப்பியாச்சு. இனிமே மாத்த முடியாது. இந்தத் தேர்வுல உனக்கும் வாய்ப்பு இல்ல, அவளுக்கும் இல்ல." ரத்னவேல் பெஞ்சில் தளர்ந்து உட்கார்ந்தார்.

"போன மாசம் சுஷ்மிதாவத் தனிப் படகுக்கு வரச் சொன்னேன், அனு. இப்ப அவ இருக்கிற பலத்துக்குக் கண்டிப்பா தேர்வாகியிருப்பா. வேணாம்னுட்டா. ஏன்னு கேட்டதுக்கு, 'பின்னால நான் இல்லன்னா அனுவோட படகு நேராப் போகாது கோச்'னு மட்டும் சொன்னா."