நீலக் குடம்

அரக்கோணத்துப் பழைய சாமான் கடையில் வாங்கிய பித்தளைக் குடத்துக்கு நீல வர்ணம் அடித்து, மயிலிறகு செருகித் திருத்தணி வீட்டுக் கூடத்தில் வைத்திருந்தாள் தேவிப்பிரியா.

மாமியார் ஞானம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கிருத்திகைக்கு சொந்தக்காரங்க வந்துகினு இருக்காங்க. எவ வீட்டுக் குப்பைடீ இது? தூக்கிப் போடு!"

"பேரு வெட்டியிருக்குது. நீங்களே பாருங்க அத்தை."

குடத்தைத் திருப்பிக் காட்டினாள். வர்ணம் படாத கழுத்தில் 'தேவிப்பிரியா' என்றிருந்தது. போன வருஷம் காணாமல்போன அவளுடைய சீர்க்குடம்.

ஞானம்மாள் குரலை இன்னும் உயர்த்தினாள். "அந்த வேலைக்காரிதான் திருடி வித்திருப்பா. அதான் அன்னிக்கே அவளைத் துரத்தினேன்!"

"வித்தது திருத்தணிக்கார மாமியாராம். மருமக செத்துட்டா, இனிமே குடம் எதுக்குன்னு கடையில சொல்லி அழுதாங்களாம்."

ஞானம்மாள் முந்தானையை இழுத்துக் குடத்தை மூடப் போனாள்.

"செத்தவதான் கேக்குறேன். சொல்லுங்க அத்தை, நான் எப்ப செத்தேன்?"