பெரிதாக அனுப்பவும்

"விரல் நுழையற விரிசல். நாளைக்குக் காலைல இடிக்க ஆள் வரும். இன்னைக்கே பூட்டிட்டுச் சாவியைக் குடுத்துடுங்க" என்றார் பொறியாளர்.

நூலகர் அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மழைத்தண்ணீர் கசிந்து பிள்ளைகளின் புத்தகங்களை ஊறவைக்கும் பின்சுவருக்கு ஒரு சட்டி சிமெண்ட்தான் அவர் கேட்டிருந்தார். வந்ததோ நூலகத்தையே இடிக்கும் உத்தரவு.

கட்டடப் பிரிவுக்கென்று ஒரு முறை உண்டு. ஃபோனில் எடுத்த படம் அப்படியே செல்லாது. அதைப் பிரிண்ட் போட்டு, கையெழுத்தும் முத்திரையும் வைத்து, மறுபடி ஸ்கேன் செய்துதான் மெயிலில் அனுப்ப வேண்டும். முதல் தடவை அனுப்பியதற்கு, "படம் தபால்தலை அளவில் உள்ளது. பெரிதாக அனுப்பவும்" என்று பதில் வந்தது.

அந்தப் பதில் வந்த அன்று, தலைக்குக் குளித்த ஈரம்கூடக் காயாமல் ஓடிவந்த நூலகர், ஸ்கேனர்மேல் குனிந்தார். "எந்த நம்பர்ணே வைக்கறது?"

"கடைசி நம்பரையே அமுக்குங்கம்மா. இனிமே சின்னதுன்னு அவங்க வாயத் திறக்கக் கூடாது" என்றார் நூலக அட்டெண்டர். நம்பர் கூடக்கூடப் படம் பெரிதாகும்; கடைசி நம்பர் 2400. அமுக்கினார்.

படம் மலை மாதிரி போய்ச் சேர்ந்தது. பொறியாளரின் திரையில் அதன் ஒரு மூலைதான் அடங்கியது. அதைச் சுருக்கிப் பார்க்கலாம் என்று அவருக்கு யாரும் சுற்றறிக்கை அனுப்பியிருக்கவில்லை. அந்த மூலையையே முழுச் சுவர் என்று எடுத்துக்கொண்டார். மேலிருந்து கீழ்வரை நெளிந்து ஓடிய கறுப்புக் கோட்டைப் பார்த்ததும் உத்தரவில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

"ஒரே ஒரு தடவை சுவரை வந்து பாருங்க சார்" என்று நூலகர் கெஞ்சி அழைத்துப் போனார். சுவரில் ஈரக்கறை இருந்தது. விரிசல் இல்லை. உள்ளங்கையால் மேலும் கீழும் தடவிக் காட்டினார்.

பொறியாளர் மெயிலில் வந்ததைப் பிரிண்ட் போட்டுக் கையில் வைத்திருந்தார்; அதைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். மறுபடி பிரிண்டைப் பார்த்தார்.

"படத்துல இருக்கு, சுவத்துல இல்ல. சுவரை எப்ப மாத்தினீங்க?"

"சார், இங்க ஒரு அலமாரிய நகர்த்தவே நான் நாலு லெட்டர் எழுதணும்."

"கையெழுத்து உங்களோடது, முத்திரை உங்களோடது. அப்ப படம் சரி. சுவர்தான் தப்பு."

நூலகர் தான் கையெழுத்துப் போட்ட படத்தை எடுத்துக்கொண்டு ஸ்கேனரிடம் போனார். "உங்க முன்னாடியே இன்னொரு தடவை ஸ்கேன் பண்ணிடறேன் சார். அதுலயும் இருந்தா சாவிய வாங்கிக்குங்க."

ஸ்கேனர் மூடியைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். பின்னால் எட்டிப் பார்த்த அட்டெண்டர், இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்.

"என்னம்மா, விரிசல் கிடைச்சுதா?" என்றார் பொறியாளர் ஏளனமாக.

நூலகர் ஸ்கேனரின் கண்ணாடிமேல் இருந்ததை இரண்டு விரலால் பிடித்து எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்.

"கிடைச்சுது சார். என் தலைமுடி."