பதினான்காவது கேள்வி

சான்றிதழ் இல்லாவிட்டால் வேலை இல்லை என்று கம்பெனி சொல்லிவிட்டதால், இருபத்தெட்டு வருஷம் லாரி எஞ்சின் பிரித்த சவரிமுத்து பரீட்சை எழுத வந்திருந்தார். பதினான்காவது கேள்வி: பேரிங் தேய்மானத்தை எதைக் கொண்டு கண்டறியலாம்? நான்கு விடைகளிலும் ஸ்க்ரூடிரைவர் இல்லை. முனையை எஞ்சினில் ஊன்றி, பிடியில் காதை வைத்துச் சத்தத்தைக் கேட்டுக் கண்டுபிடித்துத்தான் அவருக்குப் பழக்கம். அலுப்போடு பேனாவைச் சுவரில் ஊன்றிக் காதை வைத்தார். மேலே மின்விசிறியின் கொக்கி தேய்ந்து அறுந்துகொண்டிருக்கும் சத்தம் சுவர் வழியே கேட்டது.

"சார், அந்த ஃபேனை நிறுத்துங்க. கொக்கி தாங்காது."

"இன்னொரு தடவை பேசினா வெளியே அனுப்பிடுவேன்" என்ற கண்காணிப்பாளர், காற்றுக்காக நாற்காலியை விசிறிக்கு நேர் கீழே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

இன்னும் முப்பத்தாறு கேள்விகள் இருந்தன. சவரிமுத்து பேனாவை மூடிவிட்டு, சுவிட்சை நோக்கி நடந்தார்.