துரையின் செக்ரோல்

துரையின் உதட்டைத் தூக்கி, ஈறை விரலால் அழுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். சிவப்பு திரும்பி வர ஒரு விநாடி ஆனது. நோட்டில் எழுதிக்கொண்டேன். துரை பொறுமையாக வாலை ஆட்டினான்.

துரை எங்கள் நாய். வயது பதினான்கு. மூட்டுவலிக்கு மாத்திரை கொடுத்த கால்நடை டாக்டர் சிவசக்தி, "வாந்தி எடுக்கறானா, சோறு எறங்குதா, ஈறு வெளுக்குதான்னு பாத்துக்குங்க. வெளிக்குப் போறது தார் மாதிரி கறுப்பா இருந்துச்சுன்னா வயித்துக்குள்ள ரத்தம் கசியுதுன்னு அர்த்தம். ஒடனே தூக்கிட்டு வந்துருங்க" என்று சொல்லியிருந்தார்.

இதை அவர் என்னிடம் சொல்லியிருக்கக் கூடாது. கொட்டச்சேடு பக்கம் ஒரு எஸ்டேட்டில் முப்பது வருடம் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து, வேலைக்கு வந்த ஆட்களைக் காலையும் மாலையும் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பதிந்தவன் நான். ஓய்வு பெற்றபின் பதிய ஆளில்லாமல் கை அரித்துக்கொண்டிருந்தது. துரை குடித்த தண்ணீர், விட்ட மூச்சு, தூக்கிய கால் எல்லாம் நேரத்தோடு நோட்டில் ஏறின. என் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று சர்ச் வாசலில் நாலு பேரிடம் பீற்றியும் வைத்திருந்தேன்.

இரண்டு வாரம் முன்பு ஈறு வெளுத்த மாதிரி தெரிந்தது. போட்டோ அனுப்பினேன். "நல்லாத்தானுங்க இருக்குது" என்றார் டாக்டர். எனக்கு நம்பிக்கை வரவில்லை. உட்கார்ந்து அழுதேன். மனைவி மரியபுஷ்பம்தான் தேற்றினாள்.

வெளிக்குப் போக மட்டும் துரை முள்புதருக்குள் மறைந்துவிடுவான்; என் கண் அங்கே எட்டாது. இன்று காலை ஏழு பத்துக்கு, அதுவரை நடக்காமல், காப்பிச் செடிக்கு அடியிலேயே அவன் போனது கன்னங்கரேல்.

எங்கள் வீட்டிலிருந்து ரோட்டுக்கு ஏறும் மேட்டில் ஜீப் வராது. துரையைக் காப்பிச் சாக்கில் படுக்கவைத்து, முன்னால் நானும் பின்னால் புஷ்பமும் பிடித்துக்கொண்டு ஏறினோம். அவள் மூன்று இடத்தில் சாக்கை இறக்கி வைத்தாள்.

"ஏனுங்க, செத்த நில்லுங்க. நொம்ப மூச்சு வாங்குது."

"நாய் உயிருக்கு இழுத்துட்டுக் கெடக்குது, உனக்கு இப்பத்தான் ரெஸ்ட் வேணுமா?" என்று எரிந்து விழுந்தேன். ஜீப்பில் ஏறியதும் நோட்டிலும் எழுதினேன். 'தாமதம் பத்து நிமிடம். காரணம்: மனைவி.'

ஏற்காட்டு கிளினிக்கில் டாக்டர் துரையை மேசைமேல் ஏற்றி வயிற்றை அமுக்கிப் பார்த்தார். நான் பொட்டலம் கட்டிக் கொண்டுபோயிருந்ததை வெள்ளைத் தாளில் தேய்த்து, தண்ணீர் விட்டார். துளி சிவப்பும் கசியவில்லை.

"ரத்தம் இல்லீங்க ஐயா. இரும்புச்சத்து மாத்திரை தின்னாலும் இப்படிக் கறுப்பாப் போகும். ஊட்டுல யாராச்சும் குடுத்தீங்களா?"

"என் நோட்டுல ஏறாத மாத்திரை இவன் வாயில ஏறாதுங்க" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

சுவரில் சாய்ந்து நின்ற புஷ்பம் மெல்ல வாயைத் திறந்தாள்.

"நாந்தானுங்க டாக்டரம்மா. ஈறு வெளுத்துப்போச்சுன்னு இவரு அழுதாருங்க, பாக்க முடியலீங்க. ரத்தம் பத்தலைன்னு ஆஸ்பத்திரியில எனக்குக் குடுத்த மாத்திரைய ரெண்டு வாரமா களி உருண்டைக்குள்ள வெச்சு இவனுக்குக் குடுத்துட்டேனுங்க."

"மனுச மாத்திரை நாய்க்கு வெசமாயிருங்கம்மா. ஏதோ தப்பிச்சுட்டான். இனி குடுத்துராதீங்க" என்ற டாக்டர் அவளையே உற்றுப் பார்த்தார். கிட்டப் போய் அவள் கீழிமையை இழுத்துப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். உள்ளே வெறும் வெள்ளை.

டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"நாயைக் கீழ எறக்குங்க ஐயா. அம்மாவை மேசையில படுக்க வெய்யுங்க."