பதினோராவது பொருத்தம்

ஜாதகத்தில் பத்துப் பொருத்தமும் கூடிவந்திருந்தது. பாக்கி இருந்தது ஒரு சொட்டு ரத்தம்.

பெண்ணின் அம்மா சுகன்யா மகளின் ஸ்ட்ரிப்பைக் கேசரித் தட்டுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள். ரத்தத்தில் ஓடும் புரதங்களை வைத்தே சர்க்கரை எந்த வயதில் வரும் என்று சொல்லிவிடுகிற ஸ்ட்ரிப். அதைப் பார்த்த இரண்டு மாப்பிள்ளை வீட்டார் காபி குடித்த கையோடு எழுந்து போயிருந்தார்கள்.

"ஆதிரையோட ஸ்ட்ரிப் எங்கீங்க?" என்று கேட்டேவிட்டாள் மாப்பிள்ளையின் அம்மா கீர்த்தனா.

இனி மறைக்க வழியில்லை. சுகன்யா எடுத்து நீட்டினாள். அதில் முப்பத்தெட்டு என்று சிவப்பாக எரிந்தது.

கீர்த்தனா தன் பையைத் துழாவி, மகன் இனியனுடைய ஸ்ட்ரிப்பை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அதிலும் சிவப்புதான். முப்பத்தொன்பது.

சட்டென்று அவள் முகம் மலர்ந்தது.

"முப்பது வருசமா எங்க வீட்டுல தெனமும் ரெண்டு சமையலுங்க. சர்க்கரைன்னு அவருக்கு ராகிக்களி, எனக்கு அரிசிச்சோறு. இவங்க ரெண்டு பேருக்கும் ஒரே சட்டி போதும். இதுக்கு மேல என்னங்க பொருத்தம் வேணும்?"

ஆதிரையும் இனியனும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். சுகன்யாவுக்குத்தான் தட்டில் இருந்த இனிப்பு உறுத்தியது. அவசரமாகக் கேசரித் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே திரும்பினாள்.

கீர்த்தனா தட்டை எட்டிப் பிடித்தாள்.

"அட, வைங்க சம்பந்தி! இன்னும் பத்துப் பன்னெண்டு வருசம் கெடக்குது."